அரசர் யாருக்கு, எப்போது காட்சி தந்தார்? ஆசிய அரசவைகள் பற்றிய அயல்நாட்டார் பதிவுகளைப் படிக்கும் முறை

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளின் ஆசிய அரசர்களைப் பற்றி விவாதம் எழும்போதெல்லாம், அன்று இங்கே வந்துபோன ஐரோப்பியர் எழுதிவைத்த வரிகள் சாட்சிக்கு அழைக்கப்படுகின்றன. விஜயநகரம் ரோமாபுரி அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது என்று ஒரு போர்ச்சுகீசியர் எழுதியதைச் சிலர் பெருமிதத்தோடு பகிர்கிறார்கள். முகலாயப் பேரரசில் மன்னரைத் தவிர யாருக்கும் நிலம் சொந்தமில்லை என்று ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதியதை வேறு சிலர் கண்டனத்தோடு பகிர்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் வாசகர் எதை நம்புவது என்று குழம்புவது இயல்பு. ஒரே வகையான சான்று பொற்காலத்துக்கும் கொடுங்கோன்மைக்கும் ஒருசேரச் சாட்சி சொல்வது எப்படி?

அந்தப் பயணிகள் எதை நேரில் பார்த்தார்கள், எதைப் பிறர் சொல்லக் கேட்டார்கள், எதைத் தாமாக ஊகித்தார்கள் என்று பிரித்தெடுத்தால் குழப்பத்தின் பெரும்பகுதி விலகிவிடும். நாட்டின் செல்வம், நில உரிமை, மக்கள் மனநிலை ஆகியவற்றைப் பற்றி அவர்கள் எழுதியதில் கேள்விப்பட்டதும் ஊகமும் மிகுதி. அரசரை அணுகும் விதிகளைப் பொறுத்தவரை அவர்களைவிடக் கூர்மையான சாட்சிகள் இல்லை. அவர் எந்த நேரத்தில் வெளியே வருவார், எவ்வளவு உயரத்தில் அமர்வார், யார் எத்தனை அடி தொலைவில் நிற்க வேண்டும் என்பவற்றை அவர்கள் நுணுக்கமாகக் கவனித்தார்கள். அவர்கள் வந்த காரியம் கைகூடுவதும் முறிவதும் அந்த விதிகளைப் பொறுத்தே இருந்ததால், கவனிக்காமல் இருக்க அவர்களால் முடியவில்லை. இந்த விதிகளை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொரு நாட்டிலும் ஆட்சி நடந்த விதமே அவற்றில் அடங்கியிருந்தது. அரசர் நோயுற்றபோதும் இறந்தபோதும் அந்த நாடு என்ன ஆனது என்பதையும் அவை பெரிதும் தீர்மானித்தன.

## சாட்சிகள் யார்?

ஏறத்தாழ 1500 முதல் 1800 வரையிலான காலத்தை வரலாற்றாசிரியர்கள் தொடக்க நவீன காலம் என்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆசிய அரசவைகளுக்கு வந்து எழுதிவைத்தவர்களை, அவர்கள் நின்ற இடத்தை வைத்து நான்காகப் பிரிக்கலாம்.

1. வணிகர்கள். கிருஷ்ணதேவராயரை 1520ஐ ஒட்டிப் பார்த்த டோமிங்கோ பயஸும், அவருக்குச் சில ஆண்டுகள் பின்னால் எழுதிய பெர்னாவ் நூனிஸும் கோவாவின் போர்ச்சுகீசிய வணிக வட்டத்தைச் சேர்ந்தவர்கள். விஜயநகரத்தின் குதிரைப்படைக்குக் கடல் வழியாகக் குதிரைகளைக் கொண்டுவந்து விற்றது அந்த வட்டம்.

2. தூதர்கள். ஜஹாங்கீரிடம் வந்த ஆங்கிலேயர் தாமஸ் ரோ, சியாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் நாராயிடம் வந்த பிரெஞ்சுக்காரர்கள் ஷெவாலியே டி ஷோமோன், சிமோன் டி லா லூபேர் ஆகியோர் இவ்வகையினர்.

3. மருத்துவர்களும் பாதிரியார்களும். முகலாய இந்தியாவில் பிரான்சுவா பெர்னியே, ஜப்பானில் ஏங்கல்பெர்ட் கெம்ப்ஃபர், பெய்ஜிங்கில் இயேசு சபையினர்.

4. கைதிகள். கண்டி மன்னரின் பிடியில் 19 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ராபர்ட் நாக்ஸ் இதற்கு அரிய எடுத்துக்காட்டு.

முதல் மூன்று வகையினரும் அரசவையின் தரையில் நின்றுகொண்டு மேலே பார்த்தவர்கள். நாக்ஸ் மட்டும் கிராமத்தில் இருந்துகொண்டு அரசாணை வந்து சேர்வதைப் பார்த்தவர். இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

## விஜயநகரம்: திருவிழாவில் வெளிப்படும் அரசர்

பயஸ் தரும் கிருஷ்ணதேவராயரின் சித்திரம் உடலிலிருந்து தொடங்குகிறது. நடுத்தர உயரம், மெலிவைவிடச் சற்றுப் பருமன் தெரியும் உடல், முகத்தில் அம்மைத் தழும்புகள். விடியலுக்கு முன்பே எழுந்து நல்லெண்ணெய் குடித்து, உடம்பெங்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, மண்ணால் செய்த எடைகளைத் தூக்கி, வாள் சுழற்றி, குடித்த எண்ணெய் வியர்வையாக வெளியேறும்வரை பயிற்சி செய்து, மல்லருள் ஒருவரோடு மற்போர் புரிந்து, வெளிச்சம் வரும்வரை குதிரையேறித் திரும்பிய பிறகே நீராடுவார் என்று பயஸ் வரிசையாக எழுதுகிறார். அதன்பின் வழிபாடு, பிறகு தூண்கள் நிறைந்த மண்டபத்தில் அதிகாரிகளோடு அரசு அலுவல்.

இந்த அன்றாடம் அரண்மனைக்குள் நடந்தது. மகாநவமியின் ஒன்பது நாட்களில் அரசர் பெருங்கூட்டத்துக்கு முன்னால் வெளிப்பட்டார். பொற்பூ வேலை செய்த வெண்ணிற ஆடையில், தெய்வத் திருவுருவத்தின் அருகே அமர்ந்து, யானைகளும் குதிரைகளும் மல்லர்களும் ஆடல் மகளிரும் கடந்து செல்வதைப் பார்த்த மன்னரை பயஸ் வியந்து எழுதியிருக்கிறார். அந்த வியப்பு உண்மையானதுதான். ஆனால் நூனிஸ் சொல்லும் ஒரு செய்தியைச் சேர்த்துப் படித்தால்தான் காட்சியின் உள்ளடக்கம் தெரியும்: நாட்டின் பகுதிகளைக் கையில் வைத்திருந்த படைத்தலைவர்கள், அரசருக்குச் சேர வேண்டிய பணத்தை அந்த ஒன்பது நாட்களில்தான் செலுத்தினார்கள். அதாவது விழாவே கணக்கு முடிக்கும் காலமாகவும், படை எண்ணிப் பார்க்கும் காலமாகவும் இருந்தது. தூரத்து நாயக்கர்கள் ஆண்டுக்கொரு முறை நேரில் வந்து பணத்தையும் படையையும் காட்டிப் பணிவைப் புதுப்பித்துக்கொண்டார்கள். இதே அமைப்பைப் பிற்பாடு இராமநாதபுரத்துச் சேதுபதிகள் தங்கள் நவராத்திரி விழாவில் தொடர்ந்தது தமிழ் வாசகர் அறிந்ததே.

நூனிஸையும் பயஸையும் தனித்தனியாக மேற்கோள் காட்டுவோர் ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் எழுதிய பகட்டும் மற்றவர் எழுதிய கணக்கும் ஒரே மேடையில் நடந்தவை என்பதை விட்டுவிடுகிறார்கள்.

## முகலாயர்: நாள்தோறும் தெரிந்தாக வேண்டிய அரசர்

தாமஸ் ரோ 1615 செப்டம்பரில் சூரத்துக்கு வந்து, 1616 ஜனவரியில் அஜ்மீரில் ஜஹாங்கீரை முதன்முறை சந்தித்தார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. அவர் கொண்டுவந்த கடிதம் மன்னர் முதலாம் ஜேம்ஸுடையது. அவர் கேட்டது, இரு மன்னர்களுக்கிடையே சரிசமமான வணிக ஒப்பந்தம்.

ரோ குறித்துவைத்த பேரரசரின் நாள் இப்படிச் சென்றது. காலையில் கீழே கூடியிருக்கும் மக்களுக்கு முகம் காட்டும் மாடச் சாளரம்; இதற்கு ஜரோகா என்று பெயர், அங்கே பேரரசர் தோன்றுவது ஜரோகா தரிசனம். நண்பகலில் அதே இடத்திலிருந்து யானைச் சண்டை பார்ப்பது. பிற்பகலில் தர்பார், அதாவது மனுக்களையும் அன்பளிப்புகளையும் பெறும் பொது அவை. இரவில் குஸல்கானா எனப்பட்ட உள்ளவையில் நெருங்கியவர்களோடு உரையாடல். தர்பாரை ரோ ஒரு நாடக அரங்கத்தோடு ஒப்பிட்டார். மேலே சிறு மாடத்தில் மன்னர். கீழே உள்வேலிக்குள் பெருமக்களும் தூதர்களும். அடுத்த வேலிக்குள் அவர்களுக்கு அடுத்த நிலையினர். வெளி முற்றத்தில் பொதுமக்கள். எவர் எங்கே நின்றாலும் மன்னர் கண்ணுக்குத் தெரியும்படி அந்த இடம் அமைக்கப்பட்டிருந்தது.

இதைவிட ஆழமான ஒரு கவனிப்பும் ரோவிடம் உண்டு. குடிகள் மன்னருக்கு அடிமைகள் என்றால், மன்னரும் ஒரு வகையில் குடிகளுக்குக் கட்டுண்டவர் என்கிறார் அவர். ஒரு நாள் அவர் தோன்றாமல், அதற்குத் தக்க காரணமும் சொல்லப்படாமல் போனால் மக்கள் கலகம் செய்வார்கள். இரண்டு நாள் தோன்றவில்லை என்றால் எந்தச் சாக்கும் எடுபடாது. சிலரையாவது உள்ளே விட்டுத் தம்மைப் பார்க்கச் செய்தாக வேண்டும். அயல்நாட்டார் எழுதிய முகலாயக் குறிப்புகளுள் இந்த இடத்தையே நான் முதலிடத்தில் வைப்பேன். சாளரத்தில் முகம் காட்டுவது மன்னரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. அது அவர் செலுத்தியாக வேண்டிய கடன் என்பதை ரோ புரிந்துகொண்டார். காலையில் பேரரசரைக் கண்ட பிறகே உண்பது என்று நோன்பு வைத்திருந்தோரும் அன்று இருந்தார்கள். ஆக்ரா கோட்டையிலிருந்து யமுனைக் கரையிலுள்ள கல்தூண்வரை 60 மணிகள் கோத்த பொற்சங்கிலி ஒன்றைக் கட்டச் சொன்னதாகவும், நீதி மறுக்கப்பட்டவர் அதை இழுத்து முறையிடலாம் என்று வகுத்ததாகவும் ஜஹாங்கீரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்தச் சங்கிலியை எத்தனை பேர் இழுத்தார்கள் என்பது வேறு கேள்வி. மன்னர் எட்டிவிடும் தொலைவில் இருக்கிறார் என்ற நம்பிக்கையை அன்றாடம் காப்பாற்ற வேண்டும் என்று அவர் கருதியதற்கு இது சான்று.

ஆனால் ரோ கேட்ட ஒப்பந்தம் கிடைக்கவில்லை. இதற்கு ஜஹாங்கீரின் அலட்சியத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். ஆட்சிமுறையின் அடிப்படையே இதற்குக் காரணம் என்று கொள்வதுதான் பொருந்தும். முகலாயப் பேரரசர் கொடுப்பவர்; பிறர் பெறுபவர். பதவியை மன்சப் என்ற தரவரிசையாகவும், மதிப்பைத் தாம் வழங்கும் ஆடையாகவும், உரிமையை ஃபர்மான் என்ற ஆணையாகவும் அவர் அருளுவார். ரோவுக்கு முன் வந்த வில்லியம் ஹாக்கின்ஸ் துருக்கி மொழி பேசத் தெரிந்தவர்; அவருக்கு 400 குதிரைக்குரிய மன்சப் கொடுத்து அரசவைக்குள் ஓர் இடத்தில் ஜஹாங்கீர் அமர்த்திக்கொண்டார். ரோ அப்படி ஓர் இடத்துக்குள் அடங்க மறுத்தார். தரையில் விழுந்து வணங்க மாட்டேன் என்றார், ஜஹாங்கீருக்கு முன்பு சந்தித்த இளவரசர் பர்வேஸின் அவையில் நாற்காலி கேட்டார். வணங்கும் முறையில் விட்டுக்கொடுத்தார்கள்; அந்த அவையில் எவரும் அமர்ந்ததில்லை என்பதால் நாற்காலி கிடைக்கவில்லை. இறுதியில் சூரத் வணிகத்துக்கான அனுமதிகளோடு 1619இல் அவர் திரும்பினார். மன்னருக்கு மிக நெருங்கியவன் என்று பல இடங்களில் தம்மைக் காட்டிக்கொள்ளும் ரோவைப் பற்றி, பறவைகளையும் பூக்களையும்கூட விரிவாக எழுதிய ஜஹாங்கீரின் குறிப்புகளில் ஒரு வரியும் இல்லை.

## சியாம்: உயரத்தில் மறைந்திருக்கும் அரசர்

சியாமின் தலைநகரான அயோத்தியாவின் அரசவையில் இதற்கு நேர் எதிரான முறை இருந்தது. நாராய் மன்னர் (1656–1688) ஆண்டில் சில முறையே பொதுவெளியில் வந்தார். வரும்போது குடிகள் அவரை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. அரசவையில் அதிகாரிகள் முழங்காலும் முழங்கையும் தரையில் பதிய ஊர்ந்தார்கள். மன்னர் சுவரில் உயரமாக அமைந்த ஒரு சாளரத்தில் தோன்றுவார். முகலாய மாடமும் உயரமானதுதான். ஆனால் அது கீழே நிற்பவர் பார்ப்பதற்காக உயர்த்தப்பட்டது. சியாமின் சாளரம் தொலைவை உணர்த்துவதற்காக உயர்த்தப்பட்டது.

1685 அக்டோபரில் பதினான்காம் லூயியின் கடிதத்தோடு ஷோமோன் அங்கே வந்தார். கடிதம் நீண்ட கைப்பிடியுள்ள பொற்கிண்ணத்தில் வைக்கப்பட்டிருந்தது. கைப்பிடியின் அடியைப் பிடித்து உயர்த்தினால் சாளரத்துக்கு எட்டும் என்பது ஏற்பாடு. அப்படி உயர்த்துவது தம் மன்னரின் மதிப்புக்குக் குறைவு என்று கருதிய ஷோமோன் கிண்ணத்தையே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நாராயின் நம்பிக்கைக்குரிய அமைச்சராக இருந்த கிரேக்கர் கான்ஸ்டன்டைன் ஃபால்கன், தரையில் கிடந்தபடியே, உயர்த்துங்கள் என்று சைகை காட்டியும் பயனில்லை. இறுதியில் நாராய் புன்னகைத்து, சாளரத்துக்கு வெளியே குனிந்து கடிதத்தை எடுத்துத் தம் தலைமேல் வைத்து மரியாதை செய்தார்.

பிரெஞ்சுக்காரர்கள் இதைத் தங்கள் வெற்றியாக எண்ணிக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த லா லூபேர் அந்நாட்டு வழக்கத்தை இன்னும் பொறுமையாகப் படித்தவர். கீழ்நாடுகளில் தூதர் என்பவர் கடிதம் கொண்டுவருபவர் மட்டுமே, அனுப்பிய மன்னரின் உருவமாக அவர் கருதப்படுவதில்லை என்று அவர் விளக்கினார். சியாமில் மரியாதை கடிதத்துக்கு உரியது. அதைத் தனிப் படகில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். அப்படியானால் நாராய் குனிந்து பெற்றது லூயியின் கடிதத்தை. ஷோமோனின் பிடிவாதத்துக்கு அவர் பணிந்தார் என்று சொல்ல இடமில்லை.

அதே காலத்தில் ஈரானின் ஷா சுலைமான் அனுப்பிய தூதுக்குழுவும் சென்னைப்பட்டணம் வழியாகச் சியாமுக்கு வந்தது. அக்குழுவின் எழுத்தர் இப்னு முகம்மது இப்ராஹிம் எழுதிய நூல் ஐரோப்பியப் பதிவுகளுக்கு நல்ல உரைகல். அவர் நாராயை ஈரானியத் தலைநகர் இஸ்பகான் அரசவையின் அளவுகோலால் அளக்கிறார். அங்கே செல்வாக்கு இழந்துவந்த ஈரானிய வணிகரின் மனக்குறையோடு ஃபால்கனைப் பார்க்கிறார். அயல்நாட்டார் பார்வை என்றால் ஐரோப்பியர் பார்வை என்று சுருக்கிக்கொள்வது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். ஒரே மன்னரைப் பாரசீகர் ஒரு வகையாகவும் பிரெஞ்சுக்காரர் ஒரு வகையாகவும் அளந்ததைப் பார்க்கும்போதுதான், அளவுகோல் யாருடையது என்ற கேள்வி தானாக எழுகிறது.

## எடோ: திரைக்குப் பின்னால் ஷோகன்

ஜப்பானில் பேரரசர் கியோத்தோவில் சமயத் தூய்மையின் வடிவமாக இருந்தார். ஆட்சியதிகாரம் எடோவில், இன்றைய டோக்கியோவில், ஷோகன் என்ற படைத்தலைவரிடம் இருந்தது. கெம்ப்ஃபர் இருவரையும் பேரரசர் என்றே குறித்து, ஒருவர் சமயத் தலைவர், மற்றவர் உலகியல் தலைவர் என்று பிரித்தார்.

நாகசாகியின் டெஜிமா தீவில் அடைபட்டிருந்த டச்சுக்காரர்கள் ஆண்டுதோறும் எடோ சென்று ஷோகனை வணங்க வேண்டும். 1691இலும் 1692இலும் கெம்ப்ஃபர் அந்தப் பயணத்தில் சென்றார். தலைமை வணிகர் பெயரை உரக்கக் கூவியதும், அவர் கைகளாலும் முழங்கால்களாலும் ஊர்ந்து குறித்த இடத்துக்குப் போய், நெற்றி தரையில் பட வணங்கி, ஒரு சொல்லும் பேசாமல் அப்படியே பின்னோக்கி ஊர்ந்து வர வேண்டும். இத்தனை செலவும் பயணமும் இந்தச் சில நொடிகளுக்குத்தான். அதன்பின் உள்ளவையில் ஷோகன் சுனயோஷி தம் வீட்டுப் பெண்களோடு மூங்கில் திரைக்குப் பின்னால் அமர்ந்துகொண்டு, கடினமான நோய்கள் எவை, நீண்ட ஆயுளுக்கு மருந்து உண்டா என்று கேள்விகள் கேட்டனுப்பினார். பிறகு மேலங்கியைக் கழற்றச் சொன்னார்கள். நடக்க, குதிக்க, ஆட, பாட, குடித்தவர்போல் நடிக்கச் சொன்னார்கள். கெம்ப்ஃபர் ஒரு காதல் பாட்டுப் பாடினார். நன்றாகப் பார்ப்பதற்காகத் திரையின் இடுக்குகளில் காகிதச் சுருள்களைச் செருகி வைத்திருந்ததையும் அவர் கவனித்தார்.

முகலாய தர்பாரில் பார்வை இருபுறமும் செல்லும். எடோவில் அது ஒரு புறம் மட்டுமே செல்லும்: ஷோகன் பார்ப்பார், அவரைப் பார்க்க முடியாது. நாடு முழுவதும் இதே ஒழுங்குதான் இருந்தது. தைமியோ எனப்பட்ட நிலப்பிரபுக்கள் குறித்த காலம் எடோவில் வந்து தங்க வேண்டும். அவர்களுடைய மனைவி மக்கள் எப்போதும் எடோவிலேயே இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் அவர்களுடைய நீண்ட பரிவாரங்களைக் கெம்ப்ஃபர் நேரில் கண்டார். ஷோகன் எவருக்கும் முகம் காட்டாவிட்டாலும், அவருடைய சட்டம் ஒவ்வொரு தெருவிலும் தெரிந்தது.

பெய்ஜிங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காங்ஷி பேரரசர் இயேசு சபையினரிடம் வடிவியல் கற்றார், 1682இல் மஞ்சூரியப் பயணத்துக்குப் பாதிரியார் வெர்பீஸ்ட்டை உடன் அழைத்துச் சென்றார். அவர்கள் அவரைக் கற்றறிந்த மன்னராகப் பெரிதும் புகழ்ந்ததற்கு, அவர் உண்மையிலேயே கற்க விரும்பியதோடு, அவருடைய ஆதரவு தங்கள் பணிக்குத் தேவை என்பதும் காரணம்.

## கண்டி: கிராமத்திலிருந்து தெரிந்த அரசர்

1660இல் திருகோணமலை அருகே கொட்டியாரக் குடாவில் கரையிறங்கிய ஆங்கிலக் கப்பல் மாலுமிகள் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். அவர்களுள் ஒருவரான இளைஞர் நாக்ஸ் 1679இல் அனுராதபுரம் வழியாகத் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த டச்சுக் கோட்டையை அடைந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடன் கொடுத்து வாங்கினார், நிலம் வாங்கி வீடு கட்டினார்.

எனவே அவர் பதிவில் அரியணையைவிடச் சாலைகளும் காவல்களும் அதிகம் வருகின்றன. மலைப்பாதைகள் வேண்டுமென்றே ஒடுக்கமாக வைக்கப்பட்டிருந்தன. கணவாய்களில் முள்கதவுகளும் காவலரும் இருந்தனர். கடந்து செல்லக் களிமண்ணில் பதித்த முத்திரை வேண்டும். போர்வீரனுக்குரிய முத்திரையில் தோளில் ஈட்டி தாங்கிய மனிதன். கூலியாளுக்குரியதில் காவடிபோல் இருமுனையிலும் சுமை தொங்கும் தடியைச் சுமந்தவன். வெள்ளையருக்குரியதில் இடையில் வாளும் தலையில் தொப்பியும் அணிந்தவன். எழுத்தறியாத காவலாளிகூட ஆளையும் முத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். மன்னர் எங்கோ மலைக்குள் இருந்தாலும், அவர் அதிகாரம் ஒவ்வொரு கணவாயிலும் காவலாளியின் உள்ளங்கையில் இருந்ததை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ராஜசிங்கனுக்கு அஞ்சக் காரணம் இருந்தது. போர்ச்சுகீசியரை வெளியேற்ற அவர் டச்சுக்காரரைத் துணைக்கு அழைத்தார். 1656இல் கொழும்பு விழுந்ததும் அதை அவர்கள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். 1664இல் உள்நாட்டிலேயே கலகம் மூண்டது. அதன்பின் அவர் அங்குரன்கெத்தைக்கு இருப்பிடத்தை மாற்றினார். வந்த பிரெஞ்சுத் தூதரையும் திரும்ப விடவில்லை. இந்தப் பின்னணியை விட்டுவிட்டு நாக்ஸின் கொடுங்கோலன் சித்திரத்தை மட்டும் எடுப்பது நேர்மையாகாது.

## முறை மாறினால் விளைவும் மாறும்

மன்னர் காட்சி தரும் முறை என்னென்ன விளைவுகளைக் கொண்டுவந்தது என்பது அவர் நோயுற்றபோதும் மறைந்தபோதும்தான் வெளிப்பட்டது.

1. முகலாயர். 1657 செப்டம்பரில் ஷாஜஹான் நோயுற்று ஜரோகாவில் தோன்றவில்லை. இறந்துவிட்டார் என்ற வதந்தி பரவியது. பின்னர் அவர் முகம் காட்டியும் பயனில்லை. அவருடைய மகன்களுள் ஷூஜா வங்கத்திலும் முராத் குஜராத்திலும் முடிசூட்டிக்கொண்டார்கள், அவுரங்கசீப் வென்றார், ஷாஜஹான் 1666இல் இறக்கும்வரை ஆக்ராவில் அடைபட்டார். ரோ நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய விதி அப்படியே மெய்யானது. மனிதரை வணங்குவது போன்றது என்று கருதி அவுரங்கசீப் பிற்பாடு ஜரோகா தரிசனத்தையே நிறுத்தினார்.

2. சியாம். 1688இல் நாராய் நோயில் கிடந்தபோது யானைப்படைத் தலைவர் பெட்ராசா அரண்மனையைக் கைப்பற்றினார். ஃபால்கன் கொல்லப்பட்டார், ஜூலையில் நாராய் இறந்தார், பெட்ராசா மன்னரானார். பிரெஞ்சுப் படை வெளியேற்றப்பட்டது. எந்த மன்னர் வந்தாலும் அதே நுகத்தைத்தான் சுமக்கப்போகிறோம் என்று எண்ணும் மக்கள் தங்கள் மன்னரின் கதியைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள் என்று லா லூபேர் எழுதியிருந்தார். ஆண்டில் ஆறு மாதம் அரசுக்கு உழைக்க வேண்டியிருந்த, மன்னரின் முகத்தையே பாராத குடிகளைக் கண்டு அவர் சொன்னது அது.

3. எடோ. ஆளைவிடப் பதவி பெரிதாக இருந்த அங்கே, 1713இல் ஒரு சிறு குழந்தை ஏழாவது ஷோகன் ஆனபோதும் போர் மூளவில்லை. 1603இல் தொடங்கிய தோக்குகாவா ஆட்சி 1867வரை 15 ஷோகன்களோடு நீடித்தது.

4. கண்டி. ராஜசிங்கன் தம் மகனையே நஞ்சிட்டுக் கொன்றார் என்று கேள்விப்பட்டதை நாக்ஸ் எழுதினார். ஆனால் 1687இல் மன்னர் இறந்தபோது அவருடைய மகனே இரண்டாம் விமலதர்மசூரியனாக அரியணை ஏறினார். நாக்ஸ் கண்ணால் கண்ட முள்கதவுகளையும், காதால் கேட்ட அரண்மனைச் செய்தியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

## ஊகம் கொள்கையாக மாறியபோது

அரசரின் நாளை இவ்வாறு மணிக்கணக்காக வகுத்துக் காட்டுவது ஆசியாவுக்கு மட்டும் உரியதன்று. பதினான்காம் லூயி காலையில் எழுவதும் இரவில் படுப்பதும் வெர்சாயில் சடங்குகளாக நடந்தன. 1686இல் அங்கே சென்ற சியாம் தூதர் கோசா பான் தம் நாட்டு முறைப்படி அவரை வணங்கினார். ஆயினும் பல ஐரோப்பியர் ஆசியச் சடங்கை மட்டும் அடிமைத்தனத்தின் அடையாளமாகப் படித்தார்கள். அந்த வாசிப்பை ஒரு கோட்பாடாக்கியவர் பெர்னியே.

பிரெஞ்சு அமைச்சர் கோல்பேருக்கு எழுதிய கடிதத்தில், முகலாய மன்னரே எல்லா நிலத்துக்கும் உரிமையாளர், அதனால் உழவருக்கு மண்ணில் அக்கறை இல்லை, நாடு பாழாகிறது என்று அவர் வாதிட்டார். அவர் கண்டது ஜாகீர் முறை: அதிகாரிகளுக்குச் சம்பளத்துக்கு ஈடாக ஒரு பகுதியின் வரியை ஒதுக்கி, சில ஆண்டுகளுக்கொரு முறை இடமாற்றுவது. இடம் மாறியது வரி பெறும் உரிமை. நிலத்தின் மீது ஜமீன்தார்களுக்கும் உழவர்களுக்கும் இருந்த பரம்பரை உரிமைகள் அதனால் மறையவில்லை. அவை விற்கவும் வாங்கவும் பட்டன. அரசவையில் எல்லாம் மன்னரின் கையிலிருந்தே வருவதுபோல் தோன்றிய காட்சியை அவர் வயலுக்கும் நீட்டிவிட்டார்.

ஒரு பயணியின் இந்த ஊகம் வெகுதூரம் சென்றது. 1748இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மோன்தெஸ்கியே வகுத்த கீழ்நாட்டுக் கொடுங்கோன்மைக் கோட்பாட்டுக்கு இத்தகைய பயண நூல்கள் ஆதாரமாயின. இந்தியாவில் வாழ்ந்து திரும்பிய ஆங்கெத்தில் துபெரோன் 1778இல் அதை விரிவாக மறுத்து, இங்கே சட்டமும் தனியுடைமையும் உண்டு என்று காட்டினார். அவர் குரல் எடுபடவில்லை. 1853இல் மார்க்ஸ் எங்கெல்ஸுக்கு எழுதிய கடிதத்தில், நிலத்தில் தனியுடைமை இல்லாமையே கீழ்நாட்டுக்குத் திறவுகோல் என்று பெர்னியேயை மேற்கோள் காட்டினார்.

தமிழகத்துக்கு இது வெறும் ஏட்டு விவாதமாக இருக்கவில்லை. மண்ணின் உரிமையாளர் அரசரே என்று ஒப்புக்கொண்டால், அரசரின் இடத்துக்கு வந்த கம்பெனிக்கே அந்த உரிமை சேரும், வரி வாடகையாகிவிடும். ஜேம்ஸ் மில் போன்றோர் அந்தப் பக்கம் நின்று எழுதினார்கள். சென்னை கலெக்டராக இருந்த எஃப். டபிள்யூ. எல்லிஸ் 1818இல் வெளிவந்த தமது மிராசு உரிமை ஆய்வில், தொண்டை மண்டலத்தில் காணியாட்சி என்ற பெயரில் நிலவுரிமை பரம்பரையாக இருந்துவந்ததையும், அது விற்கவும் அடகு வைக்கவும் பட்டதையும், சங்கரய்யா போன்ற தமிழறிஞர்களின் துணையோடு உள்ளூர் ஆவணங்களைத் திரட்டி நிறுவினார்.